ஆறுதல்புரத்து அழுகைப் பக்கங்கள்

கடைசி உப்புப் பாத்திக்கும் அப்பால், கடலும் வானமும் ஒன்றாய்க் கலங்கித் தெரிகிற இடத்தில் கடவுள் நின்றுகொண்டிருப்பதை ஆறுதல்புரத்தில் முதலில் பார்த்தவள் தங்கபுஷ்பம். பார்த்தவள் பதறவில்லை, ஓடவில்லை, முழங்காலில் விழவில்லை, கையில் இருந்த கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணுக்கு மேல் கையை வைத்து இன்னொரு தடவை நன்றாகப் பார்த்து, உள்ளே படுத்திருந்த புருஷனுக்குக் கேட்கிற மாதிரி, "வந்துட்டாரு போல" என்று மட்டும் சொன்னாள்.

"யாரு?" என்றான் ஞானமுத்து.

"அவருதான்."

"தனியாவா வாராரு?"

"தனியாத்தான் நிக்காரு."

"நின்னா நிக்கட்டும். வெயில் தாழ வந்தாப் போதும்னு சொல்லு," என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான், அவனுக்குத் திரும்பிப் படுப்பதே அப்போது ஒரு நாள் வேலையாக இருந்தது.

கடவுள்தான் என்று எப்படித் தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிற பெண்ணின் அப்பாவை யாரும் சொல்லாமலே கண்டுகொள்வதில்லையா, அந்த மாதிரிதான் தெரிந்தது. முகம் தெரிகிற தூரத்தில் அவர் இல்லை. உப்பு வாரப் போனவர்கள் தலைநிமிர்ந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு வாரினார்கள், மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அவர் பக்கமாக முதுகு காட்டாமல் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். ஆறுதல்புரம் அப்படிப்பட்ட ஊர். ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் உப்பளத்து ஓரத்தில் நாலு தெருவும் ஒரு கோயிலும் கட்டி அந்தப் பேரை வைத்துவிட்டுப் போனார், அன்றையிலிருந்து பேருக்குத் தக்கபடி நடந்துகொள்வதை அந்த ஊர் ஒரு வேலையாகவே செய்துவந்தது.

ஞானமுத்து மீசை முளைக்கும் முன்னே பாத்தியில் இறங்கியவன். வெயிலிலும் உப்பிலும் நின்று நின்று, தண்ணீர் குடிக்க நேரமில்லாமல், குடித்தாலும் ஒதுங்க இடமில்லாமல், அவனுடைய சிறுநீரகம் இரண்டும் காய்ந்த சுரைக்குடுக்கை மாதிரி ஆகிவிட்டதாகப் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துச் சொன்னார்கள், சொன்ன கையோடு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி அனுப்பியும் வைத்தார்கள். பிள்ளை இல்லாத வீடு. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வம்புக்கு இழுத்தே இத்தனை வருஷத்தை ஓட்டியவர்கள். இவனும் போய்விட்டால் தான் யாரோடு சண்டை போடுவது என்ற பயத்தை வெளியே சொல்லத் தெரியாமல் தங்கபுஷ்பம் கல்யாணத்துக்கு வந்த வேதப்புத்தகத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, காலையும் மாலையும் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள், அதற்கப்புறம்தான் கடலோரத்தில் அவர் தெரிந்தார். கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவன் பிழைக்க வேண்டும்.

அவள் வாசிக்க வாசிக்க அவர் நெருங்கி வருகிறார் என்பதை முதலில் கண்டது பக்கத்து வீட்டு மேரிதங்கம். காலை வாசிப்பு முடிந்த பிறகு பார்த்தால் அவர் ஒரு பாத்தி இந்தப் பக்கம் நிற்பார், மாலை வாசிப்பு முடிந்ததும் இன்னொரு பாத்தி, தங்கபுஷ்பம் புருஷனோடு ஏதோ மனத்தாங்கலில் வாயளவுக்கு வாசித்துத் தள்ளிய அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்பார். மேரிதங்கம் இதைக் குழாயடியில் சொன்னாள், குழாயடியிலிருந்து டீக்கடைக்குப் போயிற்று, டீக்கடை அருமைராஜ் கோயில் கமிட்டியிலும் இருந்தபடியால் அங்கிருந்து கமிட்டிக்குப் போக ஒரு வடை தின்கிற நேரம்கூட ஆகவில்லை.

அம்மன் கோயில் தெருவிலிருந்து சில பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். "உங்க ஆளு ரொம்ப நேரமா வெயில்ல நிக்காரே, ஒரு குடையாவது கொண்டுபோய்க் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டதும் ஊருக்கு வெட்கமாகப் போயிற்று, உடனே இரண்டு வாலிபர்கள் குடையும் மோர்ச்செம்புமாகக் கிளம்பினார்கள். காலையில் போனவர்கள் மத்தியானம் வரை நடந்தார்கள், வரப்பு மேல் வரப்பாகத் தாண்டினார்கள், அவர் எட்டத்தில் நின்றபடியே நின்றார். நடந்து போய்ச் சேருகிற தூரம் இல்லை அது என்று தெரிந்ததும் மோரைத் தாங்களே குடித்துவிட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊருக்குச் சுறுசுறுப்பு வந்தது. கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், வந்தால் எந்த வீட்டில் இறங்குவார் என்று இரண்டு குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது, அவர் காலடி பட்ட பாத்திகளில் உப்பு வாரக் கூடாது என்று வேலைக்காரர்களும், பட்ட உப்புக்குத் தனி விலை உண்டு என்று முதலாளியும் வாதாடினார்கள், உப்பு லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டுப் போனார்கள், அருமைராஜ் கடைக்கு முன்னால் அவர் வந்தால் உட்காரட்டும் என்று ஒரு புது நாற்காலி போட்டு, அதில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி குறுக்கே கயிறும் கட்டினார். கோயிலில் ஆராதனை நடத்துகிற உபதேசியார் பொன்னையா தொடர் வாசிப்பு அறிவித்தார். குடும்பம் குடும்பமாக முறை வைத்து, நடுவில் நிறுத்தாமல், வேதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கோயிலில் வாசிப்பது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். அவர் பாத்தி பாத்தியாக வந்தார், அம்பாரம் அம்பாரமாகக் குவிந்த உப்புக்கு நடுவில் வந்தார், உப்புத்தண்ணீர் இறைக்கிற மோட்டார் கொட்டகை வரைக்கும் வந்தார், அங்கே நின்றுவிட்டார்.

வாசிப்பு முடிந்தது. ஆமென் சொல்லிப் புத்தகத்தை மூடினார்கள். அவர் கொட்டகையை விட்டு அசையவில்லை. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்கள், இந்தத் தடவை உருக்கமாக, அழவேண்டிய இடத்தில் அழக்கூடச் செய்து. அவர் அசையவில்லை.

"நாம ஒட்டி வச்ச எடத்துலதாம்ட்டி அவரு நிக்காரு," என்றான் ஞானமுத்து.

ஒட்டி வைத்த இடம் என்றால் என்ன என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆறுதல்புரத்தைத் தவிர வேறு எந்த ஊரிலும் இந்த வழக்கம் கிடையாது. வேதத்தில் மனிதர்கள் கடவுளைப் பார்த்து அழுகிற பக்கங்கள் உண்டு. ஏன் கைவிட்டாய் என்றும், எங்கே போனாய் என்றும், நான் செத்தால் உனக்கு என்ன லாபம் என்றும் முகத்துக்கு நேரே கேட்கிற பக்கங்கள். காலரா வந்த ஒரு வருஷம், அந்தக் காலத்து உபதேசியார் ஒருவர் சாவு வீடுதோறும் போய் அந்தப் பக்கங்களையே வாசித்தார். அவர் வாசித்த வீட்டில் மறுபடியும் ஒரு சாவு விழுந்தது. காலராவைக் குற்றம் சொல்வதைவிடப் பக்கத்தைக் குற்றம் சொல்வது சனங்களுக்குச் சுலபமாக இருந்தது, மைதாவைக் கிண்டிப் பசை காய்ச்சி அந்தப் பக்கங்களை மூன்று ஓரமும் ஒட்டி மூடினார்கள், அதற்குப் பக்கம் அடைப்பு என்று பேராகி, பிற்பாடு கல்யாணச் சடங்காகவே ஆகிவிட்டது. பெண்ணுக்குக் கொடுக்கிற வேதப்புத்தகத்தில் தாய்மாமன்தான் பக்கம் அடைக்க வேண்டும், அடைத்து முடித்ததும் மாமனுக்கு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும். கோயிலில் இருக்கிற பெரிய புத்தகத்திலும் அடைத்திருந்தார்கள். வாசிக்கிறவர்கள் ஒட்டிய பக்கங்களைப் பலகையைப் புரட்டுவது போல மொத்தமாகப் புரட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவார்கள், தாண்டிப் போகிறோம் என்ற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்து செத்துப்போனவர்களில் அநேகமாக யாரும் அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று பார்த்ததே கிடையாது.

ஞானமுத்து சொன்னது வெளியே பரவியதும் உபதேசியார் பொன்னையா வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தங்கபுஷ்பம் போட்ட முக்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மா தங்கபுஷ்பம், நான் சின்னப் பையனா இருக்கயில எங்க சித்தப்பா வேடிக்கைக்கு ஒரு பக்கத்தப் பிரிச்சாரு. எங்க தம்பி காய்ச்சல்ல கெடந்தான். விடியக்குள்ள போயிட்டான்."

"காய்ச்சல்லதான போனான், ஐயா?"

"காய்ச்சல்லதான். ஆனா பக்கத்தப் பிரிச்ச பெறவு போனான். நோயாளி கெடக்குத வீட்ல அதத் தெறக்காத. உன் கால்ல வேணும்னாலும் விழுதேன்."

அருமைராஜ் இவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை. "ஒரு வீட்ல தெறந்தா ஊருக்கே ஆகும். வாரவரு மெதுவா வரட்டும், நமக்கு என்ன அவசரம்?" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அவசரம் இல்லை, உண்மைதான். அவர் வீட்டில் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

தங்கபுஷ்பத்துக்குப் பயம். மறைக்க ஒன்றுமில்லை, பயந்தாள். திறந்தால் புருஷன் செத்துப்போவான், திறக்காவிட்டால் கடவுள் கொட்டகையைத் தாண்டி வரப்போவதில்லை. ஒட்டிய பக்கங்களை விரலால் தடவிப் பார்ப்பாள், புத்தகத்தை மூடுவாள், நாளைக்குப் பார்ப்போம் என்பாள். நாளையும் அதேபோல் போயிற்று. ஞானமுத்துவுக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது, மூச்சு இழுக்கிறபோது நெஞ்சுக்குள் தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது. வாசல் வழியாகப் பார்த்தால் கொட்டகைக்குப் பக்கத்தில் அவர் நின்றார். அவள் நேரே அவரைப் பார்த்துக் கையாட்டிக்கூடக் கூப்பிட்டாள், மாட்டைக் கூப்பிடுவது போல. வரவில்லை.

"ஏட்டி," என்று கூப்பிட்டான் ஞானமுத்து ஒரு காலைப்பொழுதில். "எதுக்குப் பயப்படுத? நீ தெறக்கலன்னாலும் நான் சாவத்தான் போறேன். தெரியாமச் சாவணுமா?"

"நீங்க சும்மா கெடங்க."

"சும்மாதான கெடக்கேன். வேற என்ன செய்யுதேன்? எந்திரிச்சு ஓடவா செய்யுதேன்? அந்த பிளேட எடு."

அவன் சவரம் செய்கிற பிளேடை எடுத்து வந்தாள். தன் தாய்மாமன் ஒட்டிய ஓரத்தில் வைத்துக் கீறினாள். பழைய பசை பொடிப்பொடியாக மடியில் உதிர்ந்தது. உள்ளே பக்கம் புத்தம் புதிதாக, யார் கண்ணும் படாமல், வெள்ளையாக இருந்தது. கண்ணுக்குப் பழகாத வரிகள், எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டித்தான் தொடங்கினாள்.

உள்ளே ஒரு மனிதன் கடவுளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் நோவாகக் கிடந்து, கூட இருந்தவர்கள் எல்லாம் விலகிப் போய், ராத்திரியும் பகலும் ஒன்றாகி, இத்தனைக்கும் நான் என்ன செய்தேன் என்று கேட்டுக்கொண்டிருந்தான், மரியாதை இல்லாமல், நாக்கூசாமல், பொண்டாட்டியிடம் கேட்கிற மாதிரி உரிமையோடு கேட்டுக்கொண்டிருந்தான். ஞானமுத்து கண்ணைத் திறந்தான். இவ்வளவு நாளும் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போகிறவன், தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தான்.

"இவன் நம்மாளுட்டி," என்றான். "இம்புட்டு நாளா இவன எங்க ஒளிச்சு வச்சிருந்தானுவ?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு முட்டியது, முட்டினாலும் சிரித்தான். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. "எனக்குக் கேக்கத் தெரியாம இருந்ததெல்லாம் கேக்கானே. வாசி, வாசி."

அவள் வாசித்தாள். வெளியே தெருவில் ஆட்கள் ஒதுங்குகிற சத்தம் கேட்டது.

"எங்க வந்துட்டாரு?"

எட்டிப் பார்த்துச் சொன்னாள். "கொட்டகையத் தாண்டிட்டாரு. வேகமா வாராரு."

மறுபடியும் வாசித்தாள். டீக்கடையைத் தாண்டினார் என்று மேரிதங்கம் ஓடிவந்து சொன்னாள், கயிற்றை அவிழ்த்துவிட்டு அருமைராஜ் கும்பிட்டு நின்றாராம், வந்தவர் நாற்காலிப் பக்கம் பார்க்கவே இல்லையாம்.

"காலு எப்படி இருக்கு அவருக்கு?" என்று கேட்டான் ஞானமுத்து.

இப்போது வேலிப்படலுக்கு அந்தப் பக்கம் அவர் தெரிந்தார். தங்கபுஷ்பம் காலைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "வெடிச்சுப் புண்ணாக் கெடக்கு. விரலிடுக்கெல்லாம் உப்பு. நம்ம காலு மாதிரித்தான் இருக்கு."

"அப்பச் சரி," என்றான். அவனுக்கு அது போதும் போல இருந்தது. மூச்சு வாங்கி, வாங்கிய மூச்சை மெதுவாக விட்டு, "அப்புறம் அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டான்.

அவள் விட்ட வரியைத் தேடிப் பிடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஞானமுத்து செத்துப்போயிருந்தான்.

அவர் படல் வரைக்கும் வந்திருந்தார். வாசலுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முருங்கை மரமும் ஒரு துவைகல்லும்தான் இருந்தன. தங்கபுஷ்பம் புத்தகத்தை மூடினாள். மூடினதும் அவர் நின்றுவிட்டார்.

சாவு வீடு சாவு வீடாக நடந்தது. பந்தல் போட வந்தவர்கள், பெட்டி கொண்டுவந்தவர்கள், குடம் எடுத்து வந்த பெண்கள் எல்லாரும் அவரைச் சுற்றித்தான் உள்ளே வந்தார்கள், பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் ஒருவன் "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, சாமி" என்றுகூடச் சொன்னான், அவர் விலகவும் இல்லை, அருகில் வரவும் இல்லை. அருமைராஜ் மெல்ல, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நான் அப்பமே சொன்னேன்" என்றார். சிலர் தலையாட்டினார்கள். தங்கபுஷ்பம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பயந்து பயந்து நாளைக் கடத்தாமல் இருந்திருந்தால் புருஷன் சாகும் முன்னே அவர் வந்து சேர்ந்திருப்பாரா, இல்லை, திறந்ததால்தான் இவன் போனானா என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டில் எது உண்மையானாலும் பாரம் தன் தலையில்தான் என்று மட்டும் தெரிந்தது.

உபதேசியார் கோயிலின் பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து, வழக்கம்போல ஆறுதலான பகுதிகளை வாசித்தார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். வெளியே நின்றவர் அசையவில்லை. உபதேசியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளிடம் குனிந்து, "அம்மா, அவர வாசல்ல நிக்க வச்சிருக்கோமே. நீ வாசிச்சாத்தான் வருவாரு போல. கொஞ்சம் வாசியேன்" என்றார். இத்தனை நாள் திறக்காதே என்றவரும் அவர்தான்.

"நிக்கட்டும், ஐயா," என்றாள் தங்கபுஷ்பம். "எனக்கு இனி அவர்ட்ட கேக்கதுக்கு ஒண்ணும் இல்ல."

வெயில் ஏறியது. புருஷனைப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் கடைசியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பாயில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது, இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி. அப்புறம் அவன் என்ன சொன்னான் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். ஒரு நாளும் அவன் கேட்டதற்கு அவள் பதில் சொல்லாமல் விட்டதில்லை, திட்டியாவது சொல்லியிருக்கிறாள். பதில் சொல்லாமல் எப்படிப் பெட்டியை மூட விடுவாள்?

புத்தகத்தை எடுத்தாள். விட்ட வரியிலிருந்து அவன் காதோரம் குனிந்து வாசித்தாள், அவனுக்கு மட்டும் கேட்டால் போதும் என்றுதான் வாசித்தாள். புத்தகத்துக்குள் இருந்த மனிதன் இன்னும் முடித்திருக்கவில்லை. நீ எங்கே இருந்தாய் என்று கேட்டான், நான் கூப்பிட்டது உனக்குக் கேட்கவில்லையா என்று கேட்டான், உன் கையால் செய்த பாத்திரத்தை உன் கையாலேயே உடைத்துவிட்டு ஏன் சும்மா நிற்கிறாய் என்று கேட்டான். எழுத்துக் கூட்டுவது எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. குரல் உயர்ந்தது. குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள், நிமிர்ந்தவள் வாசலைப் பார்த்தாள், இப்போது அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே, புத்தகத்தைப் பார்க்காமலே வரி வரியாக, வார்த்தை வார்த்தையாக, வயிறெரிந்து, தொண்டை கிழியக் கேட்டாள். கேட்பது புத்தகத்தில் இருக்கிறவனா, செத்துக் கிடக்கிறவனா, இவளா என்று கூடியிருந்தவர்களால் பிரிக்க முடியவில்லை. பயந்துபோய்ச் சிலர் காதைப் பொத்தினார்கள். உபதேசியார் பொத்தவில்லை, தம்பியின் பேரைச் சொல்லிக்கொண்டு சுவரில் சாய்ந்து அழுதார்.

அந்தப் பகுதி பதில் எதுவும் இல்லாமல் முடிந்தது. தங்கபுஷ்பம் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள்.

படல் திறந்தது. பெண்கள் வழிவிட்டார்கள். அவர் தலைகுனிந்து நிலையைத் தாண்டி உள்ளே வந்தார், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, யாரையும் எழுப்பவில்லை, நேரே வந்து ஞானமுத்துவின் கால்மாட்டில் உட்கார்ந்து, வெடித்துப்போன அவனுடைய பாதங்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, தூரத்து ஊரிலிருந்து தகவல் கிடைத்துப் பிந்தி வந்த கூடப்பிறந்தவனைப் போல வாய்விட்டு அழத் தொடங்கினார்.

தங்கபுஷ்பம் ஏன் பிந்தினீர் என்று கேட்கவில்லை, அதையெல்லாம் கேட்டு முடித்தாயிற்று. வெறுந்தரையில் உட்கார்ந்திருக்கிறாரே என்று பட்டது. நகர்ந்து, பாயில் அவருக்கும் இடம் விட்டாள்.